போதையில் மயங்கி வரும் இளைஞர்: கேஷுவாலிட்டியில் செய்ய வேண்டியவை

நள்ளிரவில் நண்பர்கள் தூக்கிக்கொண்டு வரும் 19 வயதுப் பையனிடம் முதலில் பார்க்க வேண்டியது மூச்சு. என்ன எடுத்தான் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. "என்னப்பா போட்டான்? உண்மையைச் சொல்லு" என்று நண்பர்களை மிரட்டுவதிலேயே நான்கைந்து நிமிடம் போய்விடும். அதற்குள் பையனின் உதடு நீலம் பாய்ந்திருக்கும். என்ன எடுத்தான் என்று கடைசிவரை தெரியாமலேயே காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். மூச்சு, உடல் சூடு, சர்க்கரை, சோடியம், இசிஜி ஆகிய ஐந்தையும் கவனித்தால் பெரும்பாலும் அது போதும்.

இது தாலுகா மருத்துவமனை முதல் மருத்துவக் கல்லூரி வரை இரவுப் பணியில் இருக்கும் டியூட்டி டாக்டர், ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோருக்காக எழுதியது. தமிழ்நாட்டில் இன்று வரக்கூடியவை இவை: டேபெண்டடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள், அல்பிரசோலம், நைட்ரசெபாம் போன்ற தூக்க மாத்திரையும் சாராயமும் கலந்தவர்கள், கஞ்சா, பெருநகரங்களில் மெத்தாம்பெட்டமின், எம்டிஎம்ஏ என்ற ஊக்கமூட்டும் போதைப்பொருள்களும், சிறு வயதினரிடம் தின்னரும் பஞ்சர் ஒட்டும் பசையும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர் குறைவு. கலந்து எடுத்திருப்பார் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

படுக்கையில் போட்டதும் தாடையைத் தூக்கி வாயைப் பாருங்கள். வாந்தி இருந்தால் சக்ஷன். பிறகு மார்பைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடுபவர் அந்த 15 வினாடியில் இரண்டு விட்டால் கணக்கு எட்டு என்று வரும், ஒன்று விட்டால் நான்கு என்று வரும். எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதும் பழக்கம் எல்லா வார்டிலும் உண்டு. இந்த நோயாளியிடம் அது ஆளைக் கொல்லும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பி ஏமாறுவது அடுத்தது. மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்துவிட்டால், நிமிடத்துக்கு ஐந்து மூச்சு விடுபவருக்கும் திரையில் 98 காட்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருப்பதை அந்தக் கருவி சொல்லாது. வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் மூச்சு எண்ணிக்கையும் ரத்த வாயுப் பரிசோதனையும்தான் வழி. மூச்சு 10க்குக் கீழே, அல்லது ஆழமில்லாமல் மேலோட்டமாக இருந்தால், மருந்தைத் தேடி ஓடுவதற்கு முன், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை எடுங்கள். ஆறு வினாடிக்கு ஒரு முறை, மார்பு லேசாக எழும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தியை வரவழைக்கும்.

ஒருவர் பை அழுத்தும்போதே மற்றவர் விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்து மயக்கமும் இருந்தால் 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பில், சிறுவர்களுக்குக் கிலோவுக்கு 2 மி.லி. தொடர்ந்து குடிப்பவர், சாப்பாடில்லாமல் இருந்தவர் என்றால் கூடவே தயமின் 100 மி.கி. குடித்துவிட்டு வரும் பதின்வயதினருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். "சரக்கு போதைதான், தூங்கினால் தெளிஞ்சிடும்" என்று ஓரமாகப் படுக்க வைத்தவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கும், சிலருக்குத் தலைக்குள் ரத்தக் கசிவாக இருக்கும். தலையைத் தடவிப் பார்க்காமல் போதை என்று முடிவு கட்டாதீர்கள்.

சூட்டை அக்குளில் பார்த்தால் போதாது. தொட்டால் சுடுகிறது, அல்லது வெறிபிடித்தவர்போல் திமிறுகிறார் என்றால் மலவாயில் அளக்க வேண்டும். பிறகு இசிஜி. கையில் நரம்பு கிடைக்கவில்லையா? ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு முழங்கை மடிப்பு நரம்புகள் கயிறாக இறுகிப் போயிருக்கும். கழுத்து வெளி நரம்பு, கால், எலும்பு ஊசி என்று மாறுங்கள். அதற்காக ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தொடையில் தசைக்குள் போடலாம்.

நலாக்சோன்: எவ்வளவு, எப்படி

மயக்கம், மூச்சு 12க்குக் கீழ், ஊசிமுனை அளவுக் கண்மணி. மூன்றும் சேர்ந்தால் ஓபியாய்டு என்று வைத்து நலாக்சோனைத் தொடங்கலாம். கண்மணி சுருங்கவில்லை என்பதற்காக ஓபியாய்டு இல்லை என்று ஒதுக்காதீர்கள். கூட வேறு மருந்து இருந்தாலோ, ஆக்சிஜன் குறைந்து மூளை பாதித்திருந்தாலோ கண்மணி விரிந்தே இருக்கும்.

ஒரு ஆம்பூல் 1 மி.லி., அதில் 400 மைக்ரோகிராம். 10 மி.லி. சிரிஞ்சில் அதை முழுவதும் இழுத்து, 9 மி.லி. நார்மல் சலைன் சேர்த்துக் குலுக்குங்கள். இப்போது ஒரு மி.லி.யில் 40 மைக்ரோகிராம். சிரிஞ்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி அளவை எழுதுங்கள்; இரவில் கைமாறும் சிரிஞ்சுகளில் நடக்கும் குழப்பம் கொஞ்சமல்ல. கொஞ்சமாவது மூச்சு இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 1 முதல் 2 மி.லி. கொடுத்து, ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணுங்கள். மூச்சே இல்லையென்றால் 400 மைக்ரோகிராமையும் ஒரே தடவையில் கொடுங்கள். பிறகு 800, பிறகு 2 மி.கி. என்று ஏற்றலாம். மொத்தம் 10 மி.கி. போயும் அசைவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். புப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு எடுத்தவருக்குச் சாதாரண அளவு போதாது, அது ஏற்பியை (மருந்து ஒட்டும் இடத்தை) இறுகப் பிடித்துக்கொள்ளும் மருந்து. இவ்வளவு நேரமும் ஆம்பு பை நிற்கக் கூடாது.

எதுவரை கொடுப்பது? மூச்சு 12க்கு மேல் ஏறி, அசைத்தால் முனகினால் போதும். எழுந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று பார்க்காதீர்கள். ஊசிக்குப் பழகிய உடம்பில் அளவுக்கு மேல் கொடுத்தால் அரை நிமிடத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல் நடுக்கம், ஆத்திரம் எல்லாம் ஒன்றாக வரும். டிரிப்பைப் பிடுங்கிவிட்டு வாசலை நோக்கி நடப்பார். வேறொரு ஆபத்தும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு ஏறிக் கிடக்கும் உடம்பை ஒரே அடியாக எழுப்பினால் அட்ரினலின் பீறிட்டு நுரையீரலில் நீர் கோக்கும். முதலில் பை அழுத்தி மூச்சைக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். எழுந்த பிறகு இருமலும் நுரைச் சளியும் ஆக்சிஜன் இறக்கமும் வந்தால் நலாக்சோனைக் கூட்டாதீர்கள். ஆக்சிஜன், தேவைப்பட்டால் அழுத்தக் காற்று மாஸ்க், எக்ஸ்ரே, அவ்வளவுதான்.

இந்தச் சிகிச்சையில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் இரண்டாவது மணி நேரம். நலாக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும். எடுத்த மாத்திரையோ, மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால், 12 மணி நேரம் தாண்டியும் உள்ளேயே வேலை செய்யும். தெளிந்து, அம்மாவிடம் பேசி, தண்ணீர் குடித்து, வார்டின் மூலைப் படுக்கையில் படுத்தவர் அங்கேயே மறுபடி மூச்சடங்குவார். ஒரு முறை மறுபடி இறங்கினாலே சொட்டு மருந்தாக மாற்றுங்கள். கணக்கு எளிது: எழுப்புவதற்கு எவ்வளவு தேவைப்பட்டதோ அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு மணி நேரத்துக்கு. 600 மைக்ரோகிராமில் மூச்சு வந்தது என்றால் மணிக்கு 400. ஐந்து ஆம்பூலை, அதாவது 2 மி.கி.யை, சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்கி சிரிஞ்ச் பம்பில் போட்டால் மி.லி.க்கு 40 மைக்ரோகிராம். மணிக்கு 10 மி.லி. ஓட விடுங்கள். தொடங்கிய கால் மணியில் சற்று அமிழ்ந்தால், முதலில் பலன் தந்த அளவில் பாதியை ஒரு முறை கூடுதலாகக் கொடுங்கள். கடைசி நலாக்சோன் கொடுத்து ஆறு மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரை, புப்ரினார்ஃபின், மெத்தடோன் என்றால் அதற்கும் மேல், ஒரு நாள் வரை.

டேபெண்டடாலும் டிரமடாலும் வலிப்பையும் கொண்டுவரும். அதற்கு நலாக்சோன் பலன் தராது. லோரசெபாம் 4 மி.கி. நரம்பில், நரம்பு கிடைக்காவிட்டால் மிடசோலம் 10 மி.கி. தசையில். கொடுத்தபின் மூச்சு குறையும் என்று எதிர்பார்த்தே பக்கத்தில் நில்லுங்கள்.

ஊசி போட்ட கையையும் பாருங்கள். மாத்திரையில் உள்ள டால்க்கும் செல்லுலோஸும் நீரில் கரைவதில்லை. அவை ரத்தத்தோடு போய் நுரையீரல் நுண்குழாய்களை அடைக்கும். தவறுதலாகத் தமனியில் ஏறியிருந்தால் விரல்கள் வெளுத்து, குளிர்ந்து, தாங்க முடியாத வலி இருக்கும்; அது வாஸ்குலர் சர்ஜனை உடனே கூப்பிட வேண்டிய நிலை. காய்ச்சலும் இதயத்தில் முணுமுணுப்பும் இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மூன்று பிளட் கல்ச்சர் எடுங்கள். மணிக்கணக்கில் கையின்மேல் படுத்துக் கிடந்தவருக்குத் தசை வீங்கி இறுகியிருக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகேயும் பொட்டாசியமும் பாருங்கள்.

தூக்க மாத்திரை கலந்திருந்தால்

கண்மணி நடுத்தர அளவு, பேச்சுக் குழறல், ஆனால் நாடியும் ரத்த அழுத்தமும் ஓரளவு சரி என்றால் பென்சோடயசெபைன் (அல்பிரசோலம் வகைத் தூக்க மருந்து) பக்கம் யோசிக்கலாம். தனியாக எடுத்தால் ஆள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். சாராயமோ ஓபியாய்டோ சேர்ந்தால் கதை வேறு. அதை முறிக்கும் ஃப்ளூமசெனில் அலமாரியில் இருந்தாலும் கை வைக்காதீர்கள். தினமும் மாத்திரை போடுபவருக்கு அது நிறுத்த முடியாத வலிப்பைக் கொண்டுவரும், அதன்பிறகு கொடுக்கும் லோரசெபாமும் வேலை செய்யாது. பக்கவாட்டில் படுக்க வைத்து, காற்றுவழியைக் காத்து, காத்திருப்பதுதான் சிகிச்சை. இருமலே வராத அளவுக்கு ஆழமான மயக்கம் என்றால் குழாய் போடுங்கள்.

உடம்பு கொதிப்பவர்

விரிந்த கண்மணி, வியர்வை, 150ஐத் தொடும் நாடி, தாடை இறுக்கம், யாரையும் கிட்டே விடாத வெறி. மெத்தாம்பெட்டமின், எம்டிஎம்ஏ, கொக்கெயின் எதுவானாலும் தொடக்கச் சிகிச்சை ஒன்றே: பென்சோடயசெபைன், தாராளமாக. மிடசோலம் 5 மி.கி. தசையில், ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் மறுபடி. நரம்பு கிடைத்துவிட்டால் டயசெபாம் 5 முதல் 10 மி.கி. அல்லது லோரசெபாம் 2 மி.கி., அடங்கும் வரை திரும்பத் திரும்ப. 30, 40 மி.கி. டயசெபாம் தேவைப்படுவது இவர்களிடம் வியப்பில்லை. பயந்து பாதி அளவில் நிறுத்துவதால்தான் மறுபடி மறுபடி கட்டிப் போட வேண்டி வருகிறது. ஹாலோபெரிடால் முதல் மருந்தல்ல: வலிப்பு எளிதில் வர வைக்கும், இசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டும்.

கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காஸ் துணியால் நான்கு பக்கமும் கட்டிக் குப்புறப் போட்டு, முதுகில் ஒருவர் முழங்காலை ஊன்றுவது இன்னும் நடக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறிய இளைஞர் அந்த அமிலத்தை வேகமான மூச்சின் வழியாகத்தான் வெளியேற்றுகிறார். மார்பை அழுத்தினால் அந்த வழி அடைபட்டு இதயம் நின்றுவிடும். மல்லாக்க, தலைப்பக்கம் சற்று உயர்த்தி, கை கால்களை மட்டும், மருந்து வேலை செய்யும் வரை மட்டும் பிடியுங்கள். திமிறியவர் திடீரென்று அமைதியானால் நிம்மதி அடையாமல் நாடியைப் பாருங்கள்.

சூடு 39ஐத் தாண்டினால் துணியைக் களைந்து, குழாய்த் தண்ணீரால் உடல் முழுக்க நனைத்து, மேசை விசிறியை நேராக வையுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். 40ஐத் தாண்டிவிட்டதா? தார்பாயை உடலுக்கு அடியில் போட்டு, நான்கு முனையையும் ஆட்கள் தூக்கிப் பிடிக்க, ஐஸும் தண்ணீரும் கொட்டிக் கலக்குங்கள். பெரிய தொட்டி இல்லாத மருத்துவமனையிலும் இது முடியும். பாராசிட்டமால் ஊசி இங்கே வீண். இந்தச் சூடு மூளை நிர்ணயிக்கும் வெப்ப அளவு மாறியதால் வந்ததல்ல, தசை ஓயாமல் இயங்குவதால் வந்தது. அதனால்தான் பென்சோடயசெபைன் போதாதபோது குழாய் போட்டு ரோக்கூரோனியத்தால் தசையை முடக்க வேண்டும், கிலோவுக்கு 1 மி.கி. இன்னொரு தசை முடக்கியான சக்சினைல்கோலின் வேண்டாம், தசை சிதைந்து பொட்டாசியம் ஏறியிருக்கலாம். 38.5 வந்ததும் ஐஸை எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகும் சூடு தானாகக் கொஞ்சம் இறங்கும்.

பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பிடித்தால் கணுக்கால் தொடர்ந்து துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால், கையைவிடக் காலில் விறைப்பு அதிகமிருந்தால், செரட்டோனின் நச்சுநிலை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் எம்டிஎம்ஏவோ டிரமடாலோ சேர்த்தால் இது வரும். சிகிச்சை மேலே சொன்னதுதான். கூடுதலாக சைப்ரோஹெப்டடின் 12 மி.கி.யைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம்.

எம்டிஎம்ஏவில் சோடியம் தனிக் கதை. அந்த மருந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும். சூடாகிறதே என்று நண்பர்கள் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வைப்பார்கள். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று வரும்போது சோடியம் 120க்குக் கீழே இருக்கலாம். இவருக்கு வழக்கம்போல இரண்டு பாட்டில் சலைன் ஓட விட்டால் மூளை வீக்கம் கூடும். வலிப்போ ஆழ்ந்த குழப்பமோ இருந்தால் 3% சலைன் 100 மி.லி. பத்து நிமிடத்தில், தேவைப்பட்டால் மூன்று முறை வரை. சோடியம் 4 முதல் 6 வரை ஏறினாலே வலிப்பு நிற்கும், அதோடு நிறுத்துங்கள். சோடியம் சரியாக இருந்து, வியர்த்து வறண்டவராக இருந்தால் மட்டும் தாராளமாகத் திரவம்.

ரத்த அழுத்தம் பென்சோடயசெபைனுக்கே பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நைட்ரோகிளிசரின் சொட்டு. பீட்டா பிளாக்கரை, முக்கியமாகக் கொக்கெயினில், தவிர்ப்பதே நல்லது. நெஞ்சுவலி என்றால் வயது 20தானே என்று விடாதீர்கள், இசிஜியும், இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இசிஜியில் க்யூஆர்எஸ் அலை 100 மில்லிசெகண்டுக்கு மேல் அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட், கிலோவுக்கு 1 முதல் 2 மில்லி ஈக்குவலன்ட். நம்மிடம் இருப்பது 7.5% ஆம்பூல், அதில் மி.லி.க்கு ஏறத்தாழ 0.9 மில்லி ஈக்குவலன்ட்தான். 50 கிலோ ஆளுக்குக் குறைந்தது ஐந்தாறு 10 மி.லி. ஆம்பூல் ஆகும். ஒன்றிரண்டு கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வதைப் பார்க்கலாம். திருத்திய க்யூடி 500 மில்லிசெகண்டுக்கு மேல் என்றால் மக்னீசியம் 2 கிராம், 50% மருந்தில் 4 மி.லி., 100 மி.லி. சலைனில் கலந்து கால் மணியில்.

கஞ்சா, தின்னர், சாராயம்

கஞ்சா புகைத்துவிட்டுப் படபடப்போடு வரும் இளைஞருக்கு அமைதியான இடமும் ஒரு டயசெபாம் மாத்திரையும் போதும். கஞ்சா கலந்த சாக்லேட்டைத் தின்ற குழந்தை அப்படியில்லை. மணிக்கணக்கில் மயக்கம், மூச்சுத் தடுமாற்றம் என்று போகலாம். ஐசியூவில் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் புகைப்பவர் ஓயாத வாந்தியோடு வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்று சொன்னால் அதுவும் கஞ்சாதான், ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

தின்னர், பசை முகர்ந்த பையனைத் துரத்திப் பிடிக்காதீர்கள். அந்த ஆவி இதயத்தை அட்ரினலினுக்குக் கூச வைக்கும். பயந்து ஓடும்போதே துடிப்பு தாறுமாறாகி விழுந்து இறந்தவர்கள் உண்டு. அமைதியாக உட்கார வைத்து மானிட்டர் மாட்டுங்கள், பொட்டாசியம் பாருங்கள். தொலுயீன் அதை வெகுவாகக் குறைக்கும்.

கள்ளச்சாராயம் குடித்திருக்கக்கூடும் என்றால் மெத்தனால் என்ற நச்சுச் சாராயத்தை மறக்கக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் அதில்தான் இறந்தார்கள். குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்துக் கண் மங்கல், வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு. ரத்த வாயுவில் காரணம் புலப்படாத அமிலநிலை இருந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திராமல் டயாலிசிஸ் உள்ள இடத்துக்குப் பேசுங்கள். முறிமருந்தான ஃபோமெபிசோல் கிடைக்காத இடத்தில் எத்தனால்தான்: 40% சாராயம் என்றால் கிலோவுக்கு 2 மி.லி., நீர்த்து மூக்குக் குழாய் வழியாக, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே. கூட ஃபோலிக் அமிலம் 50 மி.கி. நரம்பில். அனுப்பும்போது இவற்றைத் தொடங்கிவிட்டு அனுப்புங்கள்.

வயிறு கழுவுவதும் யூரின் டெஸ்ட்டும்

போதை என்றதும் ஸ்டமக் வாஷ் ட்யூபைத் தேடும் பழக்கம் பூச்சிமருந்து நோயாளிகளிடமிருந்து வந்தது. ஊசி போட்டவருக்கும் புகைத்தவருக்கும் வயிற்றில் ஒன்றும் இல்லை. அரை மயக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய் முடியும். மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள், நன்கு விழிப்போடு, தானே குடிக்கக்கூடியவராக இருந்தால் மருத்துவக் கரித்தூள் (ஆக்டிவேட்டட் சார்கோல்) 50 கிராம். மற்றவர்களுக்கு வேண்டாம். போலீசுக்குப் பயந்து பொட்டலத்தை விழுங்கியவரை எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறை எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

யூரின் கிட்டில் ஓபியேட் நெகடிவ் என்று வந்தால் மார்ஃபின், கோடீன் வகை இல்லை என்று மட்டுமே பொருள். டேபெண்டடாலையும் ஃபென்டனிலையும் அந்தப் பட்டை பிடிக்காது. கஞ்சா பாசிடிவ் என்பது வாரக்கணக்கு முந்தையதாக இருக்கலாம், இன்றைய மயக்கத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். கிட்டைவிடப் பயனுள்ள டெஸ்ட் ஒன்று உண்டு: பாராசிட்டமால் அளவு. டிரமடாலோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகள் கடைகளில் சாதாரணம். அளவுக்கு மீறிப் போட்டவருக்கு இரண்டாம் நாள் ஈரலில் அது தெரியும். நான்கு மணி நேரத்தில் ரத்த அளவு பாருங்கள். அந்த வசதி இல்லை, கிலோவுக்கு 150 மி.கி.க்கு மேல் போயிருக்கிறது என்றால் முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனைத் தொடங்குங்கள்: கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணியில், 50 மி.கி. நான்கு மணியில், 100 மி.கி. 16 மணியில்.

கேட்பதும் எழுதுவதும்

நண்பர்களைத் தனியே அழைத்து, போலீஸ்காரர் காதில் விழாத தூரத்தில் கேளுங்கள். "தம்பி, அவன் உயிர் பிழைக்கணும், அதுக்கு மட்டும்தான் கேக்கறேன். ஊசியா, மாத்திரையா? எத்தனை? எத்தனை மணிக்கு? மேல சரக்கு அடிச்சானா? உங்கள்ல வேற யாரும் போட்டீங்களா?" கடைசிக் கேள்வியை விடாதீர்கள். அதே பொட்டலத்தைப் பங்குபோட்ட இன்னொருவன் ஏதோ ஓர் அறையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். மாத்திரை அட்டை இருந்தால் வாங்கிப் பெயரையும் மி.கி.யையும் குறித்துக்கொள்ளுங்கள். குழப்பமான கலவை என்றால் எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையம், 1800 116 117.

அக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவதும் போலீசுக்குத் தகவல் கொடுப்பதும் மருத்துவமனை நடைமுறைப்படி நடக்கட்டும், ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு. 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: சட்ட நடைமுறைக்காக அவசர சிகிச்சை நிற்கக் கூடாது. பதிவில் "போதை ஆசாமி" என்றெல்லாம் எழுத வேண்டாம். கண்டது, அளந்தது, அவர்கள் சொன்னது மட்டும், யார் சொன்னார்கள் என்பதோடு. பையில் கிடைத்த பொட்டலத்தை நண்பர்களிடம் திருப்பித் தராமல், குப்பையிலும் போடாமல், உறையிலிட்டு ஒட்டி, சாட்சிக் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். பெற்றோர் "கேஸ் ஆகிடுமா டாக்டர்?" என்று கேட்பார்கள். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை அவர்களுக்குச் சொல்லலாம்: உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு.

மயங்கி வரும் பெண்ணுக்குக் குடிபானத்தில் யாராவது கலந்து கொடுத்தார்களா, பாலியல் வன்முறை நடந்ததா என்று யோசியுங்கள். உடையை அப்படியே காகித உறையில் வைத்திருங்கள், பெண் மருத்துவரை அழையுங்கள், கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம்.

வீட்டுக்கு அனுப்பும் முன்

தானாக நடக்கிறார், முழு விழிப்பு, ஆக்சிஜன் இல்லாமலே 94க்கு மேல், சூடும் நாடியும் சரி, கண்காணிப்பு நேரம் முடிந்தது. இதற்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி, பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டியது: "வேணும்னே போட்டியா? செத்துப்போகணும்னு தோணுச்சா?" நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே பதில் வரும். ஆம் என்றால் மனநல மருத்துவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. நலாக்சோன் கொடுத்தவர் பாதியில் கிளம்பப் பார்த்தால் கையெழுத்து வாங்குவதைவிட, "இந்த மருந்து இறங்கினதும் மறுபடி மூச்சு நிக்கும், ஆறு மணி நேரம் இரு, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க" என்று சொல்வதும், போர்வையும் ஒரு டீயும் கொடுப்பதும் ஆளை நிறுத்தி வைக்கும். அப்படியும் போகிறார் என்றால் கூட வந்தவரிடம் சொல்லுங்கள்: தனியாகத் தூங்க விடக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், குறட்டை மாறினாலோ எழுப்பி எழாவிட்டாலோ 108.

சில நாள் போடாமல் இருந்தவர் பழைய அளவையே மறுபடி போட்டால் இறந்துவிடுவார், தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். டிஸ்சார்ஜ் அட்டையோடு இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இந்த எண்களை வாயால் மட்டும் சொல்லாமல் அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுங்கள், முடிந்தால் மீட்பு மையத்தின் ஓபி நாளையும் குறியுங்கள்.

ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் அன்றே பாருங்கள். பகிர்ந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் எச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தைக் கேட்டு 28 நாள் தடுப்பு மருந்து தொடங்கலாம். நேரம் போகப் போகப் பலன் குறையும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸை வார்டிலேயே போட்டுவிட்டு, ஒன்றாம் மாதம், ஆறாம் மாதத் தேதிகளை அட்டையில் எழுதுங்கள். எச்ஐவி டெஸ்ட் மூன்றாம் மாதம் மறுபடி.